சோலைச்சாமியின் குடல் விழித்த நாள்

என் வீட்டுக்காரர் சோலைச்சாமி இறந்து, வருகிற புரட்டாசியோடு இரண்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் பந்தியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீடு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. சிரிப்பை ஆரம்பித்துவைத்தவரே என் சம்பந்தி சுடலைராஜ்தான். ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தான் இரண்டு நாள் பட்டினி கிடந்ததால்தான் மச்சானுக்குக் குடல் வேலை செய்தது என்று அன்றைக்கும் அடித்துச் சொன்னார். அவர் மனைவி பாலம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

நடந்தது என்ன என்பது எனக்கும் பாலம்மாளுக்கும்தான் தெரியும். அதை எழுதி வைக்கிறேன். சுடலைராஜ் அண்ணாச்சி இதை வாசிக்கப் போவதில்லை. வாசித்தாலும் நம்ப மாட்டார்.

எல்லாம் பல்லில் ஆரம்பித்தது. எங்கள் மகள் இசக்கிச்செல்விக்குக் கடம்பூரில் மாப்பிள்ளை பேசி, மாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மேல்வரிசைப் பல் அத்தனையும் ஆட்டம். கல்யாண போட்டோவில் பல் வரிசையாக இருக்க வேண்டும் என்று மார்கழியில் கோவில்பட்டிக்குப் போய் மேல்வரிசை முழுவதையும் பிடுங்கிவிட்டு வந்தார். புண் ஆறிய பிறகுதான் புதுப் பல்லுக்கு அளவெடுக்க முடியும், அதுவரை குழைந்த சோறுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. நாகலாபுரம் பக்கத்துக்காரரைப் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு தின்னாமல் இரு என்று சொல்ல முடியுமா? அவித்து ஆறவைத்திருந்த கிழங்குக் கட்டு முழுவதையும் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் காலிசெய்திருந்தார். பல் இல்லாததால் மெல்லவில்லை. நார் உரிக்கப் பொறுமையும் இல்லை. ஒடித்து ஒடித்து விழுங்கியிருக்கிறார். நாலு கிழங்கு என்று என்னிடம் சொன்னார். பதினொன்று என்ற உண்மை டாக்டரிடம்தான் வெளியே வந்தது.

இரண்டாம் நாள் வயிறு பறைபோல ஆகிவிட்டது. குடித்த தண்ணீர் எல்லாம் பச்சை வாந்தியாக வெளியே வந்தது. கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று மாலையே வயிற்றைத் திறந்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் ஐஸ்வர்யாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒரு தட்டில் வைத்து, எடுத்ததை எனக்குக் காட்டினாள். முதல் பறிப்புப் பருத்தியை நனைத்து இறுக்கிப் பிழிந்து உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஓர் உருண்டை.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கண்ணை விழித்ததும் அவள் கட்டில் ஓரத்தில் நின்று பேசினாள்.

"செரிக்கிறது வாயிலயே ஆரம்பிச்சிரும்யா. பல்லு அரைக்கணும், எச்சி கலக்கணும். நீங்க முழுசா உள்ள தள்ளுனா இரைப்பை என்ன செய்யும்? புளிச்ச தண்ணியை ஊத்திக் கடைஞ்சு பாக்கும். சோறுன்னா கூழாயிரும். நாரு கூழாகாது. நாரைச் செரிக்க மாட்டுக்குத்தான் தெரியும், மனுசனுக்குத் தெரியாது. அது அப்படியே சிறுகுடல்ல இருபது அடி உருண்டு போயிருக்கு. சிறுகுடல் முடிஞ்சு பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு வாசல் உண்டு. ஒடுக்கமா இருக்கும். அங்கன போயி உக்காந்துக்கிச்சு."

மூக்கில் குழாய், கையில் ஊசி, இத்தனையோடும் அவர் சொன்னார்: "அப்ப நான் மாடு இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா. இவ முப்பது வருசமா நம்ப மாட்டேங்கா."

டாக்டர் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். வயிற்றைத் திறந்து கைவைத்தால் குடல் பயந்து தூங்கிப்போகுமாம். முதலில் சிறுகுடல் விழிக்கும், அடுத்து இரைப்பை, கடைசியில்தான் பெருங்குடல். பெருங்குடல் விழித்துக்கொண்டால் காற்று பிரியும். காற்று பிரிந்தால்தான் மேலிருந்து கீழ்வரை பாதை சரி என்று அர்த்தம். அதுவரை சொட்டுத் தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது.

"எப்ப வந்தாலும் ஒடனே சொல்லணும். வெக்கப்படக் கூடாது," என்றாள்.

"இவியளாவது வெக்கப்படுதாவது," என்றேன் நான். தெரியாமல் பேசிவிட்டேன்.

வீட்டில் அவருக்கு அந்தக் கூச்சமே கிடையாது. சாப்பிட்டு எழுந்து இரண்டு எட்டு நடந்ததும், "கப்பல் கெளம்பிருச்சுட்டி," என்பார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சங்கு ஊதியதுபோல இருக்கும். இசக்கிச்செல்வி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். ஆனால் வெளியாட்கள் முன்னால் அவர் வேறு மனிதர். மினி பஸ்ஸில், கோயில் வரிசையில், ஊர்க் கூட்டத்தில் எப்படியும் அடக்கிவிடுவார். அப்போது அவர் கால் கட்டைவிரல் இரண்டும் உள்பக்கமாக மடங்கி நிற்கும். கல்யாணமான புதிதிலேயே அதை நான் கண்டுபிடித்திருந்தேன். கட்டைவிரலைப் பார்த்ததும், "வாங்க, போவோம்," என்று கிளம்பிவிடுவேன்.

பக்கத்துக் கட்டிலில் விளாத்திகுளத்துக்காரர் கருப்பசாமி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். குடல் சீக்கிரம் விழிக்கட்டும் என்று அவருக்கு டாக்டர் மெல்லுவதற்குச் சூயிங்கம் கொடுத்திருந்தாள். சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து எழுந்துகொள்ளுமாம். எங்கள் ஆளுக்குப் பல் இல்லாததால் அதுவும் இல்லை. கருப்பசாமி மறுநாள் காலையிலேயே வார்டு முழுக்கக் கேட்கும்படி விட்டுவிட்டு, இட்லிக்கு ஆர்டர் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் வேட்டு வெடிக்கலையா?" என்று இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"திரி கொஞ்சம் ஈரமா இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

அன்று மத்தியானம்தான் சுடலைராஜ் அண்ணாச்சியும் பாலம்மாளும் கடம்பூரிலிருந்து வந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகையில் நடந்த நிச்சயதார்த்தத்தில், பாயாச வாளி அவர் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டது. பரிமாறிய பையன் வேண்டுமென்று செய்யவில்லை. சுடலைராஜ் அண்ணாச்சி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டார். கல்யாணமே நின்றுவிடும்போல இருந்தது. பெரியவர்கள் போய்ப் பேசிச் சரிசெய்ய இருபது நாள் ஆனது. அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அவர் மளிகைக்கடை வைத்திருப்பவர். நல்ல வாட்டசாட்டம். நேராகக் கட்டிலுக்கு வந்தார். கொண்டுவந்த கடம்பூர்ப் போளிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"மச்சான், அன்னைக்கு நான் இலையை விட்டு எந்திரிச்சது தப்பு. வீட்டுக்குப் போயும் எனக்கு மனசு சரியில்ல. இன்னைக்குச் சொல்லுதேன், நீங்க வாயில தண்ணி வைக்குத வரைக்கும் நானும் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொட மாட்டேன். இங்கன இருந்து அசையவும் மாட்டேன்."

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?" என்றேன்.

"நீ சும்மா இரு தாயி. இது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது."

ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் இடுப்புக்கு ஒரு சாண் தூரம்கூட இருக்காது. அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஆண்கள் வார்டு என்பதால் பெண்கள் இருட்டியதும் கீழே போய்விட வேண்டும். அவரோ கட்டிலுக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தார். டாக்டர் நடக்கச் சொன்னதும் தோளில் தாங்கி நடத்தினார். கக்கூஸுக்கு அழைத்துப்போய்விட்டுக் கதவை ஒட்டி நின்றுகொண்டு, "மச்சான், ஆச்சா? ஏதாவது தெரியுதா?" என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டார். நர்ஸ் முத்துச்செல்வி மூன்று தடவை வெளியே போகச் சொன்னாள். மூன்றாம் தடவை அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் வெளியாளாம்மா? சம்பந்தகாரன். கேட்டுக்கோ."

நான் நர்ஸின் கையைப் பிடித்து, "விட்டுரும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்று கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் போனது. கடம்பூரிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் போன் வந்துகொண்டே இருந்தது. "வந்துருச்சா?" "இன்னும் இல்ல." மழைக்காகக் காத்திருக்கும்போதுகூட ஊரில் இத்தனை பேர் இத்தனை தடவை கேட்டதில்லை.

நாலாம் நாள் காலையில் டாக்டர் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். முகம் சரியில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"சத்தம் நல்லா இருக்கு. குடல் முழிச்சிருச்சு. ஆனா வயிறு உப்பிக்கிட்டே போகுதே, அதான் எனக்குப் பிடிக்கல. மேல ஓடுறது கீழ வரலைன்னா, தைச்ச இடத்துல ஏதோ தடுக்குதுன்னு அர்த்தம். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். வரலைன்னா மதுரைக்கு அனுப்பிருவேன். அங்க ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, வேணும்னா மறுபடியும் திறக்கணும்."

ஒரு தடவை திறந்ததிலேயே பாதி உடம்பு போய்விட்டது. இன்னொரு தடவை தாங்குவாரா?

"சத்தம்னா என்ன சத்தம்மா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். குழாயை என் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையைக் கட்டுக்குக் கீழே, வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள். "கேளுங்க."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, உலை கொதிக்கும் பானைக்குள் யாரோ மெல்ல நடந்து போவதுபோலக் கேட்டது. களக் என்று ஒன்று. கொஞ்சம் அமைதி. மறுபடி இரண்டு மூன்று. முப்பது வருஷம் நான் சோறு போட்ட வயிறு அது. அதற்குள் இப்படி ஒரு நடமாட்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது நீளமாக ஒரு முனகல் எழுந்து, உருண்டு, கீழே கீழே இறங்கியது. வருகிறது, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சுடலைராஜ் அண்ணாச்சி ஸ்டூலில் முன்னால் குனிந்தார். "மச்சான், ஏதாவது தெரியுதா?"

சத்தம் சட்டென்று நின்றது. நான் தற்செயலாகத்தான் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் இரண்டும் உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தன.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே ஓடினேன். அதற்குள் அடுத்த ஆபரேஷனுக்கு உள்ளே போய்விட்டாள். வெளியே வர சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். திரும்பி வந்து அவர் காதோரம் குனிந்து, "வருதா, வரலையா?" என்று கேட்டேன்.

"நேத்துல இருந்து வருதுட்டி," என்றார், உதடு அசையாமல். "சம்பந்தகாரர் மூஞ்சிக்கு நேரே எப்படி?"

"மதுரைக்குக் கொண்டுபோவாவளாம், தெரியும்லா?"

"இவிய கொஞ்சம் எந்திரிச்சுப் போனா ஆயிரும். போவ மாட்டேங்காவளே."

சுடலைராஜ் அண்ணாச்சி, "மச்சான் என்ன சொல்லுதாவ?" என்றார்.

"கும்பிடச் சொல்லுதாவ," என்றேன்.

என்ன செய்வது? அவரை எழுந்து போங்கள் என்று நான் எப்படிச் சொல்லுவது? பாயாசம் தவறியதற்கே இருபது நாள். பட்டினி கிடக்கிற மனிதரைக் கட்டில் பக்கத்திலிருந்து விரட்டினேன் என்றால் என் மகள் கல்யாணம் என்ன ஆகும்? விரட்டாவிட்டால் என் வீட்டுக்காரர் வயிறு என்ன ஆகும்? மத்தியானம் முழுக்க இதே நினைப்பில் வார்டுக்கும் மாடிப்படிக்குமாக நடந்தேன். மூன்றரை மணிக்குப் பாலம்மாளைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"மதினி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிட மாட்டீங்களே?"

"சொல்லுங்க மதினி. என்ன, இவிய ஏதும் பேசிட்டாவளா?"

"ஐயோ, இல்ல. அண்ணாச்சி தங்கமானவிய. ஆனா... அண்ணாச்சி பக்கத்துல இருக்காவன்னுதான் அவிய அடக்கிக்கிட்டு இருக்காவ."

"எதை?"

நான் என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பாலம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் வாய் மெல்லத் திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமே வராமல் அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. கண்ணீர் வழிந்தது.

"இவியளுக்கா?" என்றாள் கடைசியில். "இவியளுக்கா மதினி இம்புட்டு மரியாதை? ரெண்டு நாளாவா?"

"சிரிக்காதீங்க மதினி. அஞ்சு மணிக்கு மதுரைக்கு அனுப்பிருவாவ."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க," என்று முன்னால் நடந்தாள்.

வார்டுக்குள் போனதும், "இந்தாருங்க, கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்," என்றாள் புருஷனிடம்.

"நான் வரல. மச்சான் குடிக்காம எனக்கென்ன டீ?"

"சரி, வராண்டாவிலயாவது கொஞ்சம் நில்லுங்க."

"அசைய மாட்டேன்னு சொல்லியிருக்கேன்லா?"

பாலம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப ஒண்ணு கேக்குதேன். கார்த்திகையில நம்ம வீட்டுக் கட்டிலுக்குக் கீழ கோழியை அடைக்கு வச்சிருந்தேனே, அது எதுக்கு முட்டையை விட்டுட்டு ஓடுச்சு?"

"எந்தக் கோழி?"

"கழுத்துல முடி இல்லாம இருக்குமே, அந்தக் கோழி. நீங்க மத்தியானம் மொச்சைக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல படுத்தீங்க."

சுடலைராஜ் அண்ணாச்சியின் முகம் மாறியது. "ஏட்டி, எங்கன வச்சு என்ன பேசுத?"

"அண்ணாச்சி, நீங்க கேளுங்க," என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள் பாலம்மாள். "நான் அடுப்படியில நிக்குதேன். டமார்னு ஒரு சத்தம். கோழி கத்திக்கிட்டு என் தலைக்கு மேல பறந்து போவுது. பதினாலு முட்டை. ஒண்ணுகூடப் பொரிக்கல. அந்தக் கோழி இன்னைக்கு வரைக்கும் இவிய இருக்க அறைக்குள்ள காலை வைக்கல. இவியளப் பாத்தா ஓட்டுல ஏறிருது."

முதலில் கருப்பசாமிதான் வெடித்தார். தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யம்மா, நிப்பாட்டு! பிரியுது, பிரியுது!" என்று கத்தினார். சுடலைராஜ் அண்ணாச்சி மனைவியை முறைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. முறைத்தவர் உதடு மெல்லக் கோணியது. தலையைக் குனிந்துகொண்டு, "அது கோழி இல்ல மச்சான், கோழை. சின்னச் சத்தத்துக்கே பயந்துருச்சு," என்றார்.

என் வீட்டுக்காரர் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். சிரிக்கக் கூடாது என்று பார்க்கிறார். தோள் குலுங்குகிறது. மூக்குக் குழாய் ஆடுகிறது. கண்ணில் தண்ணீர். நான் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மடங்கியிருந்த கட்டைவிரல்கள் நடுங்கின. விரிந்தன.

கதவுக் கீலைப்போல முதலில் ஒரு சின்னக் கிரீச். அதற்குப் பின்னால் வந்ததை வீதியில் போனவர்கள் கேட்டிருப்பார்கள்.

வார்டில் இருந்த அத்தனை தலையும் எங்கள் கட்டில் பக்கம் திரும்பியது.

"கப்பல் கெளம்பிருச்சுட்டி," என்றார் என் வீட்டுக்காரர்.

சுடலைராஜ் அண்ணாச்சி ஸ்டூல் கீழே விழ எழுந்தார். "வந்துருச்சு! மச்சானுக்கு வந்துருச்சு! சிஸ்டர்! ஏ சிஸ்டர்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வராண்டாவில் ஓடினார். இரண்டு நாள் சாப்பிடாத ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முத்துச்செல்வி பேனாவோடு ஓடிவந்து நேரத்தைக் குறித்தாள். விழுந்த ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்து அழுதேன். பாலம்மாள் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டாள். அவள் இன்னும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் ஆபரேஷன் தொப்பியோடே வந்தாள். கேட்டாள், தட்டினாள், அழுத்திப் பார்த்தாள். "மதுரைக்குப் போக வேண்டாம். வழி சுத்தமா இருக்கு," என்றாள். மூக்குக் குழாயை மூடிவிட்டு, மருந்து மூடியில் இரண்டு மூடி தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

நான் முதல் மூடியை வாயில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். பிறகு தொண்டை அசைந்தது.

"மச்சான், இதான் என் இலை," என்றார் என் வீட்டுக்காரர், அந்த மூடியைச் சம்பந்தியிடம் காட்டி. "நான் உக்காந்துட்டேன். நீங்களும் உக்காருங்க."

சுடலைராஜ் அண்ணாச்சி தனக்கும் ஒரு மூடி கேட்டு வாங்கி, தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தார். கருப்பசாமி, "அந்தப் போளியை இனிமேலாவது வெளிய எடுங்கய்யா. ரெண்டு நாளா மணம் ஆளைக் கொல்லுது," என்றார். பெட்டியை வராண்டாவுக்குக் கொண்டுபோனார்கள். மாடியில் இருந்த எல்லாருக்கும் போளி கிடைத்தது. சுடலைராஜ் அண்ணாச்சி எத்தனை தின்றார் என்று பாலம்மாளுக்கே தெரியாது. மாசியில் கல்யாணமும் நடந்தது. எந்தப் போட்டோவை எடுத்தாலும் என் வீட்டுக்காரர் புதுப்பல் அத்தனையையும் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது போட்டோ இல்லை. எல்லாரும் வராண்டாவுக்குப் போன பிறகு இரண்டாவது மூடித் தண்ணீரைக் கொடுத்தேன். கருப்பசாமி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் குனிந்து, கட்டுத்துணியில் படாமல், அவர் வயிற்றில் காதை வைத்தேன். இந்தத் தடவை ஸ்டெதஸ்கோப் இல்லை. தண்ணீர் உள்ளே இறங்குவது கேட்டது. கோடையில் வெடித்துக் கிடக்கிற கரிசலில் முதல் மழை இறங்கும்போது நிலத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். காதை மண்ணில் வைத்தவர்களுக்குத்தான் அது தெரியும். அந்தச் சத்தம்.

"என்னட்டி கேக்குது?" என்றார்.

"ஓடுது."

"எங்க ஓடுது?"

"எங்க ஓடும்? கீழதான்."

"அப்ப கொஞ்சம் நகந்துக்கோ. அடுத்த கப்பல் கெளம்பப் போவுது."

நான் நகரவில்லை.